தைவான் நீரிணை விவகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவான் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் மூன்று பிழைகள் ஓயாமல் தலைகாட்டுகின்றன. "தைவான் வான்வெளிக்குள் சீன விமானங்கள் ஊடுருவின", "தைவானைக் காக்க அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது", "தைவான் சீனாவின் பகுதி என்று ஐ.நா. அறிவித்துவிட்டது" என்பவை அவை. பெய்ஜிங் (சீனா), தைபே (தைவான்), வாஷிங்டன் (அமெரிக்கா) மூன்றும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசும் விவகாரம் இது. படிக்கிற நாம் சொல்லைக் கோட்டைவிட்டால் நடப்பது எதுவும் பிடிபடாது.

நீரிணை எவ்வளவு அகலம்? எந்தத் தீவு யார் கையில்?

மிகக் குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர், சராசரியாக 180. மேற்கே சீனாவின் ஃபூஜியான் மாகாணம், கிழக்கே தைவான் தீவு, இடையில் தைவான் பக்கமாக பெங்ஹு தீவுக்கூட்டம். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கின்மென், மாட்சு என்ற இரண்டு தீவுக்கூட்டங்கள் சீனக் கரையை ஒட்டியே இருக்கின்றன, ஆனால் தைபேயின் ஆட்சியில் இருக்கின்றன. கின்மெனிலிருந்து ஷியாமென் நகரத்தின் மாடிக் கட்டடங்களை வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

தைவான் தனி நாடா, இல்லையா?

நடைமுறையில் தனி அரசு. சொந்த ராணுவம், நாணயம், கடவுச்சீட்டு, 1996 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபர், 2.3 கோடி மக்கள், எல்லாம் இருக்கிறது. பெய்ஜிங்கில் ஆளும் சீன மக்கள் குடியரசு ஒரு நாள்கூட அந்தத் தீவை ஆண்டதில்லை. ஆனால் தைவானின் அதிகாரபூர்வப் பெயர் இன்றும் "சீனக் குடியரசு". 1949-இல் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் காய்-ஷேக்கின் கோமின்டாங் அரசு தைபேக்கு இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்த பெயர் அது. 2024 ஜனவரியில் நவ்ரு பெய்ஜிங் பக்கம் போன பிறகு, தைவானுடன் முழுத் தூதரக உறவு வைத்திருந்தவை 12 நாடுகள்தான். வத்திக்கானும் பராகுவேயும் அவற்றில் அடங்கும்.

அப்படியானால் "நாங்கள் சுதந்திர நாடு" என்று அறிவித்துவிட வேண்டியதுதானே?

பெய்ஜிங்கின் மிரட்டல் ஒரு காரணம். இன்னொன்று உள்ளூர்ச் சட்டம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெயரையோ எல்லையையோ மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். சட்டமன்றத்தில் முக்கால்வாசி உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரிக்க வேண்டும். அதன்பின் பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் பாதி போதாது, வாக்குரிமை உள்ள அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆம் என்று சொல்ல வேண்டும்.

இது எவ்வளவு உயரமான மதில் என்பதற்கு 2022 நவம்பரே சாட்சி. வாக்களிக்கும் வயதை 20-லிருந்து 18 ஆகக் குறைக்கும் திருத்தம் வந்தது. எல்லாக் கட்சிகளும் சட்டமன்றத்தில் ஆதரித்த விஷயம். வாக்கெடுப்பில் ஆதரவு சுமார் 56 லட்சம், எதிர்ப்பு சுமார் 50 லட்சம். தேவைப்பட்டதோ 96 லட்சத்துக்கு மேல். திருத்தம் தோற்றது. வயது வரம்பையே மாற்ற முடியாத இடத்தில் நாட்டின் பெயரை ஒரே இரவில் மாற்றிவிடுவார்கள் என்று எழுதுவது பொறுப்பற்ற பேச்சு.

தைவான் பண்டைக்காலம் முதலே சீனாவுடையது என்கிறார்களே?

அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசு 1895-இல் ஷிமோனோசெகி உடன்படிக்கையில் தைவானையும் பெங்ஹுவையும் ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்தது. ஐம்பது ஆண்டு ஜப்பானிய ஆட்சி. 1945-இல் சீனக் குடியரசுப் படை தீவைப் பொறுப்பேற்றது. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் ஜப்பான் தைவான் மீதான உரிமையைத் துறந்தது. யாருக்காகத் துறக்கிறது என்று எழுதவில்லை. அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் இன்றுவரை வாதம் ஓடுகிறது.

ஐ.நா. தீர்மானம் 2758 என்ன சொல்கிறது?

1971 அக்டோபர் 25 அன்று 76 வாக்குகள் ஆதரவு, 35 எதிர்ப்பு, 17 நடுநிலை என நிறைவேறியது. சீனாவின் பிரதிநிதித்துவம் சீன மக்கள் குடியரசுக்கே உரியது என்றும், "சியாங் காய்-ஷேக்கின் பிரதிநிதிகள்" வெளியேற்றப்படுகிறார்கள் என்றும் சொன்னது. தீர்மானத்தில் "தைவான்" என்ற சொல்லே இல்லை. யார் இருக்கையில் உட்காருவது என்பதைத் தீர்த்ததே தவிர, தீவு யாருடையது என்பதை அது தொடவில்லை. தொட்டது என்பது பெய்ஜிங்கின் விளக்கம்.

"ஒரே சீனா" என்பதை அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டதுதானே?

இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. "ஒரே சீனா கோட்பாடு" பெய்ஜிங்குடையது: உலகில் ஒரே சீனா, தைவான் அதன் பகுதி, மக்கள் குடியரசே அதன் ஒரே சட்டபூர்வ அரசு. "ஒரே சீனா கொள்கை" வாஷிங்டனுடையது: மக்கள் குடியரசைச் சீனாவின் அரசாக அங்கீகரிக்கிறோம்; தைவான் சீனாவின் பகுதி என்பது சீனத் தரப்பின் நிலைப்பாடு என்பதை அறிந்திருக்கிறோம். முதல் பாதி அங்கீகாரம். இரண்டாம் பாதி, "நீங்கள் சொல்வது காதில் விழுந்தது" என்ற அளவுதான்.

மொழிபெயர்ப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தின் முடிவில் வந்த ஷாங்காய் அறிக்கையின் சீனப் பிரதியில், அந்த இரண்டாம் பாதிக்கு "ரென்ஷி தாவ்" என்று போட்டிருந்தது. "உணர்ந்திருக்கிறது" என்று தமிழில் சொல்லலாம். 1979 ஜனவரி 1 முதல் தூதரக உறவு என்ற கூட்டறிக்கையின் சீனப் பிரதியில் அதே இடத்தில் "செங்ரென்" வந்தது. அதற்கு "ஒப்புக்கொள்கிறது" என்ற கனம் உண்டு. ஆங்கிலப் பிரதியிலோ இரண்டு முறையும் ஒரே வினைச்சொல். ஆங்கிலப் பிரதிதான் தன்னைக் கட்டுப்படுத்தும் என்பது வாஷிங்டனின் நிலை. ஒரே தாளை வைத்துக்கொண்டு இரு தலைநகரங்களும் இரண்டு விதமாகப் படிப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதேபோல், தைவான் சுதந்திரத்தை "ஆதரிக்கவில்லை" என்பதும் "எதிர்க்கிறோம்" என்பதும் ஒன்றாகா. பெய்ஜிங் கேட்டுக்கொண்டே இருப்பது இரண்டாவதை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் தகவல் பக்கத்திலிருந்து முதல் வாக்கியமும் எடுக்கப்பட்டபோது பெய்ஜிங் கொதித்தது அதனால்தான்.

1992 கருத்தொற்றுமை என்பது என்ன?

1992-இல் இரு கரைகளின் அரைஅதிகாரபூர்வ அமைப்புகள் ஹாங்காங்கில் பேசின. ஆவணங்களை எப்படிச் சான்றளிப்பது போன்ற சாதாரண வேலைகளுக்கான பேச்சு அது. ஒரே சீனா உண்டு, அது எது என்று ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பது கோமின்டாங் சொல்லும் சாரம். பெய்ஜிங் "ஒரே சீனா" என்ற பாதியை மட்டும் அழுத்திச் சொல்கிறது. 2016 முதல் ஆளும் ஜனநாயக முற்போக்குக் கட்சி அப்படி ஒரு ஒற்றுமை ஏற்பட்டதாகவே ஏற்கவில்லை. இந்தப் பெயரே 2000-இல் கோமின்டாங் அரசின் அமைச்சர் சூ சி உருவாக்கியது.

மா யிங்-ஜோ அதிபராக இருந்த 2008–2016 காலத்தில் இந்தச் சூத்திரம் வேலை செய்தது. நேரடி விமானங்கள் பறந்தன, 2010-இல் பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது, 2015 நவம்பரில் சிங்கப்பூரில் அவரும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தனர். 2016-இல் சாய் இங்-வென் பதவியேற்று இந்தச் சூத்திரத்தை ஏற்க மறுத்ததும் பெய்ஜிங் அதிகாரபூர்வப் பேச்சை நிறுத்தியது. 2024 மே முதல் அதிபராக இருக்கும் லாய் சிங்-தே காலத்திலும் அது திறக்கவில்லை.

அமெரிக்கா தைவானைக் காக்கக் கடமைப்பட்டதா?

ஒருகாலத்தில் ஆம். இப்போது இல்லை, ஆனால் முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது.

1950 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன், தைவான் விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்றார். ஜூன் 25-இல் கொரியப் போர் வெடித்தது. இரண்டே நாளில் ஏழாவது கடற்படைப் பிரிவை நீரிணைக்கு அனுப்பினார். 1954 டிசம்பரில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1979-இல் கார்ட்டர் பெய்ஜிங்குடன் உறவு ஏற்படுத்தியபோது ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து அதை முடித்துவைத்தார்.

அந்த இடத்தை நிரப்பியது 1979 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான தைவான் உறவுச் சட்டம். இது அமெரிக்க உள்நாட்டுச் சட்டம், ஒப்பந்தமல்ல. இதில் இருப்பவை: தைவானுக்குத் தற்காப்பு ஆயுதங்கள் தரப்படும், தைவானின் எதிர்காலத்தை அமைதியற்ற வழியில் தீர்மானிப்பது, புறக்கணிப்பும் வணிகத் தடையும் உட்பட, "மிகுந்த கவலைக்குரியது", பலவந்தத்தை எதிர்க்கும் திறனை அமெரிக்கா தன்னிடம் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வந்தால் அதிபர் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, தெரிவிக்க வேண்டும், இருவரும் சேர்ந்து தக்க நடவடிக்கையை முடிவு செய்ய வேண்டும். எதிர்க்கும் *திறனை வைத்திரு* என்கிறது சட்டம். எதிர்த்துப் போரிடு என்று சொல்லவில்லை.

இன்னொரு நுணுக்கம்: சட்டம் "தைவான்" என்பதற்குத் தரும் வரையறையில் தைவான் தீவும் பெங்ஹுவும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. கின்மெனும் மாட்சுவும் இல்லை.

தூதரகம் இல்லாமல் உறவு எப்படி நடக்கிறது?

தைபேயில் "தைவானுக்கான அமெரிக்க நிறுவனம்" இருக்கிறது. பதிவின்படி தனியார் லாப நோக்கற்ற அமைப்பு. செய்வது விசா முதல் ராணுவத் தொடர்பு வரை தூதரக வேலை.

ஆறு உறுதிமொழிகள் எவை?

1982 ஆகஸ்ட் 17 கூட்டறிக்கையில், தைவானுக்கான ஆயுத விற்பனையைப் படிப்படியாகக் குறைக்கும் எண்ணம் உண்டு என்று ரீகன் அரசு பெய்ஜிங்கிடம் சொன்னது. தைபே பதறியது. அதற்கு முந்தைய மாதமே தைபேக்கு வாய்மொழியாகத் தந்தவை இந்த ஆறு: ஆயுத விற்பனைக்கு முடிவுத் தேதி குறிக்கவில்லை, விற்பனை பற்றி பெய்ஜிங்குடன் முன்கூட்டி ஆலோசிக்க ஒப்பவில்லை, நடுவர் வேலை பார்க்க மாட்டோம், உறவுச் சட்டத்தைத் திருத்த ஒப்பவில்லை, இறையாண்மை பற்றிய நிலைப்பாடு மாறவில்லை, பேச்சுக்குப் போ என்று உங்களை நெருக்க மாட்டோம். கூட்டறிக்கையை மட்டும் மேற்கோள் காட்டி இவற்றை விட்டுவிடும் கட்டுரை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

பைடன் "காப்பாற்றுவோம்" என்று நேரடியாகச் சொன்னாரே?

2021, 2022-இல் நான்கு முறை அந்தப் பொருளில் பேசினார். ஒவ்வொரு முறையும் வெள்ளை மாளிகை, கொள்கை மாறவில்லை என்றது. போரிடுவோமா மாட்டோமா என்பதைத் திறந்தே வைத்திருக்கும் இந்த வழிக்கு "உத்திசார் தெளிவின்மை" என்று பெயர். பெய்ஜிங் தாக்கத் தயங்க வேண்டும். அமெரிக்கா வரும் என்ற துணிச்சலில் தைபே எல்லை மீறவும் கூடாது. இரு பக்கமும் கடிவாளம். 1996 மார்ச்சில், முதல் நேரடி அதிபர் தேர்தலுக்கு முன் சீனா ஏவுகணைகளை வீசியபோது, வாஷிங்டன் எந்த உறுதியும் எழுதித் தரவில்லை. இண்டிபெண்டென்ஸ், நிமிட்ஸ் என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களின் அணிகளை அந்தப் பக்கம் அனுப்பியது. தேர்தல் குறித்தபடி நடந்தது. அன்று சீனாவிடம் இல்லாத நெடுந்தூரக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் இன்று குவிந்திருப்பதால், அதே செயலை அதே விலையில் மறுபடி செய்ய முடியாது.

ஆயுத விற்பனை படிப்படியாக எப்படி நடக்கிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

முதலில் தைபே கோரிக்கைக் கடிதம் அனுப்புகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் பரிசீலிக்கின்றன. முக்கியத் தளவாடம் 1.4 கோடி டாலரைத் தொட்டாலோ, மொத்த மதிப்பு 5 கோடி டாலரைத் தொட்டாலோ காங்கிரசுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். 30 நாள் அவகாசம். செய்தித்தாள்களில் "அமெரிக்கா ஆயுதம் வழங்கியது" என்று வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்போது ஒரு துப்பாக்கிகூடக் கப்பல் ஏறியிருக்காது. பிறகு விற்பனை ஒப்புக் கடிதம், தைவான் சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கீடு, தவணைப் பணம், ஆலையுடன் ஒப்பந்தம், உற்பத்தி, பயிற்சி, ஒப்படைப்பு.

ஒரு உதாரணம். புதிய எஃப்-16 வி போர் விமானங்கள் 66, சுமார் 800 கோடி டாலர். 2019 ஆகஸ்டில் அனுமதி. முதல் விமானம் தென் கரோலினாவின் கிரீன்வில் ஆலையில் ஒப்படைக்கப்பட்டது 2025 மார்ச்சில். உற்பத்தி வரிசையை டெக்சாசிலிருந்து அங்கு மாற்றியதும், மென்பொருள் வேலை இழுத்ததும் காலத்தைத் தின்றன. ஆப்ராம்ஸ் டாங்கிகள் 108-க்கும் 2019-இல் அனுமதி. முதல் 38 தைவானில் இறங்கியது 2024 டிசம்பரில். தைபே பக்கத்திலும் அடைப்பு உண்டு: 2024 தேர்தலில் 113 இடங்களில் ஆளும் கட்சிக்கு 51, கோமின்டாங்குக்கு 52, எதிர்க்கட்சிகள் சேர்ந்தால் நிதி நின்றுவிடும்.

பணம் எதில் போகிறது என்பதும் பெரிய விவாதம். போர் விமானமும் டாங்கியும் முதல் நாளே ஏவுகணைக்கு இலக்காகும். லாரியில் நகரும் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, கண்ணிவெடி, ட்ரோன் ஆகியவை தப்பிப் பிழைத்துக் கப்பலை மூழ்கடிக்கும். 2020-இல் அனுமதியான 400 ஹார்பூன் கடலோர ஏவுகணைகள் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தவை. அந்த வாதமே வலுவானது. ஆனாலும் அன்றாடம் நெருங்கி வரும் சீன விமானத்தை எதிர்கொள்ள விமானம்தான் வேண்டியிருக்கிறது.

தினமும் வரும் "இத்தனை விமானங்கள்" எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

தைவான் பாதுகாப்பு அமைச்சு, காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரையிலான கணக்கை வெளியிடுகிறது. முதலில் மொத்த எண்ணிக்கை. அது பறப்புகளின் கணக்கு. ஒரே விமானம் இருமுறை பறந்தால் இரண்டு. அடுத்து அவற்றில் எத்தனை நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டின அல்லது வான் பாதுகாப்பு அடையாள வலயத்துக்குள் வந்தன என்பது. கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது எண். பிறகு போர்க்கப்பல்கள், அரசுக் கப்பல்கள், சில நாட்களில் பலூன்கள்.

அடையாள வலயம் என்பது நெருங்கி வரும் விமானங்களை அடையாளம் காண ஒரு நாடு தானாக வரைந்துகொள்ளும் பகுதி. அது வான்வெளி ஆகாது. இறையாண்மை உள்ள வான்வெளி கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான். தைவானின் வலயம் வரைபடத்தில் சீன நிலப்பரப்பின் ஒரு பகுதி மேலேயே விரிகிறது. வலயத்துக்குள் வந்ததை "வான்வெளி மீறல்" என்று எழுதினால், நடக்காத போர்ச் செயலை நடந்ததாக எழுதுகிறோம்.

நடுக்கோடு எந்த உடன்படிக்கையிலும் இல்லை; 1950-களில் அமெரிக்கத் தரப்பு வரைந்து, இரு பக்கமும் பல பத்தாண்டு வாய்பேசாமல் மதித்த கோடு. 2020-இல் அப்படி ஒரு கோடே இல்லை என்றது பெய்ஜிங். 2022 ஆகஸ்டில் அன்றைய அமெரிக்கக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைபே வந்துபோன பின் அதைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்டது. ஒற்றை நாள் எண்ணைவிட, போர்க்கப்பலும் கடலோரக் காவலும் சேர்ந்து தீவைச் சுற்றி நிற்கின்றனவா என்று பாருங்கள். 2024 மே, அக்டோபர், 2025 ஏப்ரல் பயிற்சிகளில் அதுதான் நடந்தது.

படையெடுப்பு நடக்குமா, முற்றுகையா?

தேதி சொல்பவர்களை நம்ப வேண்டாம். எது எவ்வளவு கடினம் என்று மட்டும் சொல்லலாம். படையிறக்கத்துக்குத் தகுந்த கடற்கரைகள் சில மட்டுமே. மேற்குக் கரையில் அகன்ற சேற்றுத் திட்டு, கோடையில் புயல், குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று. இறங்கியபின் உணவும் எரிபொருளும் தினமும் கடல் தாண்டி வர வேண்டும்.

அதனால் பலர் அஞ்சுவது போர் என்று பெயரிடாத நெருக்கடியை. முற்றுகை சர்வதேசச் சட்டத்தில் போர்ச் செயல். சீனக் கடலோரக் காவல் "காவுசியுங் துறைமுகம் போகும் கப்பல்கள் எங்களிடம் சுங்க விவரம் தர வேண்டும்" என்று அறிவித்தால் அது சட்ட அமலாக்கம் என்று பெயர் பெறும். சில கப்பல்களை நிறுத்திச் சோதித்தாலே காப்பீட்டுக் கட்டணம் ஏறும். கப்பல் கம்பெனிகள் தாமாகவே விலகும். தைவான் தன் எரிசக்தியில் 95 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. திரவ இயற்கை எரிவாயு இருப்பு சுமார் 11 நாளுக்குத்தான் வரும். மின்சாரத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான். 2025 மே மாதத்தில் கடைசி அணு உலையும் நின்றது. முதல் குண்டு விழும் முன்பே விளக்கு அணையக்கூடிய இடம் இது.

2023 பிப்ரவரியில் மாட்சுவின் இரண்டு கடலடி கேபிள்களும் சில நாள் இடைவெளியில் அறுந்தன. சீன மீன்பிடிப் படகு ஒன்றும் சரக்குக் கப்பல் ஒன்றும் காரணம் என்றது தைபே. சுமார் 50 நாள் அந்தத் தீவுகள் நுண்ணலை இணைப்பில் ஒட்டிக்கொண்டு ஓடின.

கின்மென் மக்கள் எப்படி இருக்கிறார்கள்?

1958 ஆகஸ்ட் 23 தொடங்கி 44 நாளில் 4,70,000-க்கும் மேற்பட்ட சீனப் பீரங்கிக் குண்டுகள் விழுந்த தீவு அது. அதன்பின்னும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குண்டுவீச்சு நீடித்து, 1979 ஜனவரி 1 அன்றுதான் ஓய்ந்தது. விழுந்த குண்டுகளின் எஃகை வெட்டிக் காய்ச்சி அடித்துச் சமையல் கத்தி செய்கிறார்கள். உலகெங்கும் வாங்கிப் போகிறார்கள். அதே தீவுக்கு 2018 ஆகஸ்ட் முதல் குடிநீர் வருவது ஃபூஜியானிலிருந்து, கடலடிக் குழாய் வழியே. எதிரும் புதிருமாகப் பீரங்கி இருந்த கரைகளுக்கிடையே இன்று படகுப் போக்குவரத்து நடக்கிறது. 2024 பிப்ரவரியில், தைவான் கடலோரக் காவல் துரத்திய சீனப் படகு கவிழ்ந்து இருவர் இறந்தனர். அன்றுமுதல் சீனக் கடலோரக் காவல் கின்மென் கடலில் அடிக்கடி ரோந்து வருகிறது. தைபே விதித்த தடைக் கடற்பகுதியை அது ஏற்பதில்லை.

சீனா எப்போது பலம் பிரயோகிக்கும் என்று சட்டம் இருக்கிறதா?

2005 மார்ச் 14-இன் பிரிவினை எதிர்ப்புச் சட்டம், 8-ஆம் பிரிவு. தைவான் பிரிந்துவிட்டால், பிரிவுக்கு இட்டுச்செல்லும் பெரும் நிகழ்வு நடந்தால், அமைதியான இணைப்புக்கான வாய்ப்பு முற்றிலும் தீர்ந்துவிட்டால். மூன்றாவது ரப்பர் போன்றது. தீர்ந்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் பெய்ஜிங்கே.

ஜப்பானும் பிலிப்பைன்சும் ஏன் உள்ளே வருகின்றன?

ஜப்பானின் யோனாகுனி தீவு தைவானிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். ஒகினாவாவில் அமெரிக்கத் தளங்கள். 2025 நவம்பரில் பிரதமர் சனாயே தகாய்ச்சி, தைவானில் போர் என்றால் அது ஜப்பானின் "இருப்புக்கே ஆபத்தான நிலை" ஆகலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னதும் பெய்ஜிங் தன் மக்களை ஜப்பான் பயணம் தவிர்க்கச் சொன்னது. பிலிப்பைன்ஸ் 2023-இல் அமெரிக்கப் படைக்கு மேலும் நான்கு தளங்களைத் திறந்தது. மூன்று தைவானை நோக்கிய வட லூசோனில்.

இந்தியாவின் நிலை என்ன? தமிழ்நாட்டுக்குத் தொடர்பு உண்டா?

இந்தியா 1949 டிசம்பர் 30 அன்றே மக்கள் குடியரசை அங்கீகரித்தது. 2010-க்குப் பிறகு கூட்டறிக்கைகளில் "ஒரே சீனா" என்று திரும்பச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. 2022-இல் கேட்டபோது, கொள்கை எல்லோருக்கும் தெரிந்ததே, மீண்டும் சொல்லத் தேவையில்லை என்றது. தைபேயில் 1995 முதல் இந்திய–தைபே சங்கம் இயங்குகிறது. சென்னையில் 2012 முதல் தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனி. போனுக்குள் இருக்கும் சில்லு வருவதும் அந்தத் தீவிலிருந்து: உலகின் மிக முன்னேறிய சில்லுகளில் 90 சதவீதம் அளவுக்கு அங்கேதான் தயாராகின்றன. நீரிணையில் கப்பல் நின்றால் ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் நிற்கும்.

தைவான் மக்கள் என்ன விரும்புகிறார்கள்?

தைபேயின் தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1990-கள் முதல் இதே கேள்வியைக் கேட்டு வருகிறது. உடனே இணைப்பு, உடனே சுதந்திரம் இவற்றில் ஒன்றைக் கேட்பவர்கள் ஒற்றை இலக்கச் சதவீதம். பெரும்பாலோர் இப்போதுள்ள நிலை ஏதோ ஒரு வகையில் தொடரட்டும் என்கிறார்கள். அதே சமயம், தங்களை "தைவானியர்" என்று மட்டும் சொல்லிக்கொள்பவர்களே பெரும்பான்மை. 2024 முதல் கட்டாய ராணுவச் சேவை நான்கு மாதத்திலிருந்து ஓராண்டாக ஏறியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடலாம்?

"மறு இணைப்பு" என்பது பெய்ஜிங்கின் சொல். மேற்கோளில் மட்டும் வைக்கவும், உங்கள் வாக்கியத்தில் "இணைப்பு" போதும். "கிளர்ச்சி மாகாணம்" வேண்டாம். "தாய்நாடு" வேண்டாம், "சீன நிலப்பரப்பு" போதும். விளையாட்டுச் செய்தியில் மட்டும் "சீன தைபே": 1981-இல் ஒலிம்பிக் குழுவுடன் ஒத்துக்கொண்ட பெயர் அது. விமானச் செய்தியில் "அடையாள வலயம்". ஆயுதச் செய்தியில், பொருள் தீவில் இறங்கும் வரை "விற்க அனுமதி".